நாற்பது பேர், ஒன்பது பிரிவு: நிகழ்வெண் அட்டவணை போடும் முறை

சேரங்கோடு வட்டாரத்தில் நாள் தவறாமல் எண் விழும் இடங்கள் இரண்டு. ஒன்று தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசு. மற்றொன்று மழைமானி. தராசில் விழுந்த எண் தொழிலாளியின் நம்பருக்கு நேரே நோட்டில் ஏறும். மழைமானியில் விழுந்தது காலை எட்டரைக்கு அளக்கப்பட்டு மில்லிமீட்டரில் பதிவாகும். இரண்டு நோட்டுகளும் வருடக்கணக்கில் தடித்துக்கொண்டே போகும். மாதக் கடைசியில் அவற்றிலிருந்து எல்லோரும் கேட்பது கூட்டுத்தொகையும் சராசரியும்தான். இடையில் கிடக்கும் எண்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த அத்தியாயம் அந்த இடையில் கிடக்கும் எண்களைப் பற்றியது. அவற்றைப் பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை விழுகின்றன என்று எண்ணி எழுதுவதுதான் நிகழ்வெண் பரவல் அட்டவணை. எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ போட்டது நினைவிருக்கும். பள்ளியில் பிரிவுகளைப் புத்தகமே கொடுத்துவிடும். எண்ணுவது மட்டும் நம் வேலை. வேலைத்தளத்தில் அப்படிக் கிடையாது. எண்ணுவதை யாரும் செய்துவிடலாம். எங்கே வெட்டுவது என்பதுதான் வேலை, அதை முடிவு செய்வது அந்த அட்டவணையிடம் நாம் கேட்கப்போகும் கேள்வி. பிரிவை எங்கே வெட்டுகிறோமோ அதற்கேற்ப ஒரே நோட்டு வேறு வேறு கதை சொல்லும் என்பதை இங்கே எண்களோடு பார்க்கப்போகிறோம்.

கேரள எல்லையை ஒட்டிய இந்தப் பந்தலூர் தாலுகாப் பக்கத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பதற்காக 1968-இல் தமிழக அரசின் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976-இல் அது டான்டீ என்று நாம் சொல்லும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. சேரங்கோடு, சேரம்பாடி, பந்தலூர், தேவாலா, நெல்லியாளம் என்று இந்தப் பக்கம் முழுக்க அதன் தோட்டங்கள். அவற்றுக்கு நடுவே தனியார் எஸ்டேட்டுகளும் சிறு விவசாயிகளின் தேயிலையும். எடை எழுதும் பழக்கம் இங்கே மூன்று தலைமுறையாக ஊறியது. அட்டவணை போடும் பழக்கம் அந்த அளவுக்கு இல்லை.

முதலில் நோட்டைச் சரிபாருங்கள்

பிரிவு, இடைவெளி என்று கிளம்புவதற்கு முன் நோட்டில் இருப்பது ஒரே வகை எண்ணா என்று பாருங்கள். கொழுந்து ஒரு நாளில் ஒரே தடவை நிறுக்கப்படுவதில்லை. காலையில் ஒரு எடை, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று போகும். நோட்டில் சிலருக்கு மூன்றையும் கூட்டிய மொத்தமும் சிலருக்குக் கடைசி எடை மட்டும் இருந்தால், அந்த அட்டவணை பிறக்கும்போதே கோணல்.

அடுத்தது கழிவு. சாக்கின் எடையைக் கழித்த பிறகு எழுதியதா, முன்பே எழுதியதா? மழை நாளில் இலையில் ஒட்டிய ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பதுண்டு. ஜூலை மாதக் கணக்கை பிப்ரவரிக் கணக்கோடு சேர்த்து ஒரே அட்டவணையில் கொட்டினால் இலையோடு தண்ணீரையும் எண்ணிக்கொண்டிருப்போம். அரை நாள் வந்தவர்கள், வேறு வேலைக்கு அனுப்பப்பட்டு மதியம் கொழுந்துக்கு வந்தவர்கள் ஆகியோரைத் தனியே குறித்து வையுங்கள். அவர்களை நீக்குவதா வைத்துக்கொள்வதா என்பது உங்கள் விருப்பம். எதைச் செய்தாலும் அட்டவணைக்குக் கீழே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது, பின்னம். 24 கிலோ 600 கிராம் என்று தராசு காட்டினால் நோட்டில் ஏறுவது 24-ஆ, 25-ஆ? சில இடங்களில் கிராமை வெட்டிவிடுவார்கள். சில இடங்களில் அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றுவார்கள். தொழிலாளிக்கு இது கூலிப் பிரச்சினை. நமக்கு இது பிரிவின் எல்லைப் பிரச்சினையும்கூட; பின்னால் திரும்ப வருவோம்.

எண்களும் வீச்சும்

கீழே இருப்பவை பயிற்சிக்காக நான் அமைத்த எண்கள். எந்தத் தோட்டத்தின் கணக்கும் இல்லை. தோட்டத்தின் ஒரு பகுதியில், அதாவது ஒரு காட்டில், ஒரு நாள் கொழுந்து எடுத்த 40 பேர், முழு நாள் வேலை, சாக்கு கழித்த மொத்த எடை, கிலோவில், அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றியது.

24, 45, 18, 22, 30, 47, 20, 16, 41, 25
23, 38, 49, 27, 14, 22, 44, 19, 33, 50
21, 46, 28, 17, 40, 24, 36, 12, 43, 26
45, 20, 53, 29, 18, 32, 48, 23, 42, 25

இதுதான் செப்பமிடாத தரவு. கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். ஏதாவது தெரிகிறதா? பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது, அதில் வெட்கமும் இல்லை. நாற்பது எண்களை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்த மனித மூளைக்கு வராது.

மிகச் சிறியது 12, மிகப் பெரியது 53. வீச்சு 41 கிலோ. இனி எத்தனை பிரிவுகள் என்று முடிவு செய்ய வேண்டும். பாடப்புத்தகங்கள் ஐந்துக்குக் குறையாமல், பதினைந்துக்கு மிகாமல் என்பதுபோல ஒரு வரம்பு சொல்லும். 1926-இல் ஹெர்பர்ட் ஸ்டர்ஜஸ் என்ற அமெரிக்கர் ஒரு சூத்திரமே கொடுத்தார்: எண்ணிக்கையின் மடக்கையை 3.322 ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். நாற்பதுக்கு அது ஏறக்குறைய 6.3 தரும். வீச்சை அதால் வகுத்தால் பிரிவின் அகலம் ஆறரை கிலோ. ஆறரை கிலோ அகலத்தில் பிரிவு வைத்து யாராவது தோட்டத்தில் பேசுவார்களா? 16.5 முதல் 23 வரை என்று சொன்னால் மேற்பார்வையாளர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். ஆகவே ஐந்து அல்லது பத்து. சூத்திரம் ஊரைக் காட்டும். வீட்டுக் கதவை நாம்தான் தட்ட வேண்டும். தவிர, அந்தச் சூத்திரத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: எண்கள் நடுவில் ஒரே மேடாகக் குவிந்து இருபக்கமும் சீராகச் சரியும் என்பது. நம் நோட்டு அப்படி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஐந்து கிலோ அகலம் எடுத்துக்கொள்வோம். 12-இல் ஆரம்பிக்காமல் 10-இல் ஆரம்பியுங்கள். ஐந்தின் மடங்குகளில் எல்லை விழுந்தால் படிக்கிறவருக்குச் சுலபம். 10–15 என்றால் 10-உம் அதற்கு மேலும், ஆனால் 15-க்குக் கீழே. 15 சரியாக நிறுத்தவர் அடுத்த பிரிவுக்குப் போவார். இந்த ஒரு விதியை அட்டவணையின் தலையிலேயே எழுதிவிடுங்கள். எழுதாத இடத்தில் இருவர் எண்ணினால் இரண்டு விடை வரும்.

கோடு போடுதல்

எண்ணும்போது ஒரு பிரிவை எடுத்துக்கொண்டு நோட்டு முழுக்கத் தேடி, பிறகு அடுத்த பிரிவுக்கு வந்து மறுபடி தேடுவது பலருடைய பழக்கம். ஒன்பது பிரிவுக்கு ஒன்பது தடவை நோட்டைப் புரட்ட வேண்டும். ஒன்றிரண்டு நிச்சயம் தப்பும். தலைகீழாகச் செய்யுங்கள். நோட்டின் முதல் எண்ணிலிருந்து வரிசையாக வாருங்கள். 24 என்றதும் 20–25-க்கு நேரே ஒரு கோடு. 45 என்றதும் 45–50-க்கு நேரே ஒன்று. 18-க்கு 15–20. எழுதி முடித்த எண்ணைப் பென்சிலால் அடித்துவிடுங்கள். நான்கு கோடுகள் நின்றதும் ஐந்தாவதை அவற்றின் குறுக்கே போட்டால் ஐந்தைந்தாக எண்ணிக்கொள்ளலாம். இருவர் இருந்தால் இன்னும் நல்லது: ஒருவர் வாசிக்க, மற்றவர் கோடு போட.

வரிசைக்கு வரிசை நிறுத்திச் சரிபாருங்கள். முதல் வரிசையில் பத்து எண்கள். அதை முடித்ததும் அட்டவணையில் பத்துக் கோடுகள் இருக்க வேண்டும். 15–20-இல் 2, 20–25-இல் 3, 25–30-இல் 1, 30–35-இல் 1, 40–45-இல் 1, 45–50-இல் 2. பத்து சரி. கடைசியில் 39 வந்து நிற்கும்போது முழுவதையும் திரும்ப எண்ணுவதைவிட இது எவ்வளவோ மேல்.

முடித்ததும் கிடைப்பது இது.

அட்டவணை 1. ஒரு நாள் கொழுந்து எடை, 40 பேர் (கீழ் எல்லை சேரும், மேல் எல்லை சேராது)

10–15 கிலோ: 2 பேர்
15–20 கிலோ: 5 பேர்
20–25 கிலோ: 9 பேர்
25–30 கிலோ: 6 பேர்
30–35 கிலோ: 3 பேர்
35–40 கிலோ: 2 பேர்
40–45 கிலோ: 5 பேர்
45–50 கிலோ: 6 பேர்
50–55 கிலோ: 2 பேர்
மொத்தம்: 40 பேர்

மேடும் பள்ளமும்

இப்போது மறுபடி பாருங்கள். 20–25-இல் ஒரு மேடு. அங்கிருந்து இறங்கி 35–40-இல் பள்ளம். பிறகு 45–50-இல் இன்னொரு மேடு. நோட்டைப் பார்த்தபோது இது எங்கே இருந்தது?

அந்த நாளின் மொத்த எடை 1,235 கிலோ. சராசரி 30.9, அதாவது 31 என்று வைத்துக்கொள்ளலாம். மாத அறிக்கையில் போகும் எண் அதுதான்: தலைக்கு 31 கிலோ. ஆனால் 31 கிலோ எடுத்தவர் அந்தக் காட்டில் ஒருவர்கூட இல்லை. 30–35 பிரிவிலேயே மூன்று பேர்தான். ஆள் இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது சராசரி.

இரண்டு மேடு தெரிந்தால் உடனே கேட்க வேண்டியது, இரண்டு விதமான ஆட்களை ஒரே அட்டவணையில் அடைத்துவிட்டோமா என்பதை. தேயிலைத் தோட்டத்தில் இதற்கு முதல் விடை கத்தரி. கையால் கிள்ளுகிறவர்களும் பெட்டி பொருத்திய கத்தரியால் வெட்டுகிறவர்களும் ஒரே காட்டில் நிற்கலாம். தராசு இருவரையும் ஒரே கண்ணால்தான் பார்க்கும். நம் பயிற்சி எண்களில் 25 பேர் கை, 15 பேர் கத்தரி. பிரித்து எழுதினால்:

அட்டவணை 2. அதே எடை, எடுக்கும் முறைப்படி

10–15 கிலோ: கை 2, கத்தரி 0
15–20 கிலோ: கை 5, கத்தரி 0
20–25 கிலோ: கை 9, கத்தரி 0
25–30 கிலோ: கை 6, கத்தரி 0
30–35 கிலோ: கை 2, கத்தரி 1
35–40 கிலோ: கை 1, கத்தரி 1
40–45 கிலோ: கை 0, கத்தரி 5
45–50 கிலோ: கை 0, கத்தரி 6
50–55 கிலோ: கை 0, கத்தரி 2
மொத்தம்: கை 25, கத்தரி 15

கையால் எடுத்தவர்களின் சராசரி 22.8 கிலோ, கத்தரிக்காரர்களின் சராசரி 44.3. இப்போது ஒவ்வொரு சராசரியும் அதற்குரிய மேட்டின் மேலேயே நிற்கிறது. 36 கிலோ கையாலேயே எடுத்த அந்த ஒருவர் முதல் அட்டவணையில் யாருமறியாமல் நடுப்பள்ளத்தில் கிடந்தார். கை வரிசையில் அவர்தான் உச்சி. 33 கிலோவோடு நின்ற கத்தரிக்காரரைப் பற்றியும் கேட்கலாம்: கத்தரி மழுங்கியிருந்ததா, அவர் நின்ற நிரையில் கொழுந்து குறைவா? அட்டவணை விடை சொல்லாது. யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லும்.

இனி இதே எண்களை இருபது கிலோ அகலத்தில் வெட்டிப் பாருங்கள்.

10–30 கிலோ: 22 பேர்
30–50 கிலோ: 16 பேர்
50–70 கிலோ: 2 பேர்

மேடு ஒன்றுதான், பிறகு சரிவு. பெரும்பாலோர் குறைவாக எடுக்கிறார்கள், சிலர் நடுத்தரம், ஓரிருவர் கெட்டிக்காரர்கள் என்று இதைப் படித்தவர் சொல்வார். கத்தரி என்ற சொல்லே அவர் வாயில் வராது. எண்ணியதில் தப்பில்லை, கூட்டல் சரி, ஆனாலும் அட்டவணை பொய் சொல்கிறது. எதிர்ப்பக்கம் போய் இரண்டு கிலோ அகலம் வைத்தால் இருபத்தொரு பிரிவுகள் வரும். ஒவ்வொன்றிலும் ஒருவர் முதல் நான்கு பேர் வரை, ஒன்றில் யாருமில்லை. அது நோட்டையே வேறு வடிவில் எழுதியதாகும்.

என் அனுபவத்தில் மூன்று அகலங்களில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றைத் தேர்வது நல்லது. ஐந்திலும் பத்திலும் தெரிகிற வடிவம் ஒன்றுபோல் இருந்தால் அதை நம்பலாம். பத்தில் வெட்டினால் நம் எண்கள் 7, 15, 5, 11, 2 என்று வரும். பள்ளம் அங்கேயும் தெரிகிறது. அகலத்தை மாற்றினாலும் மறையாத பள்ளம் என்றால் பெரும்பாலும் அது நிஜமானது.

முக்கியமான எண்ணில் வெட்டுங்கள்

ஒவ்வொரு தோட்டத்திலும் இத்தனை கிலோ எடுத்தால் ஒரு நாள் பேர் (ஒரு நாள் கூலிக் கணக்கு), அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் என்று ஓர் அளவு இருக்கும். அது 25 என்று வைத்துக்கொண்டால் அட்டவணை 1 உடனே விடை தரும்: 25-ஐ எட்டாதவர்கள் 2, 5, 9 ஆக 16 பேர், நாற்பதில் 40 விழுக்காடு. அளவு 28 என்றால்? 25–30 பிரிவில் இருக்கும் ஆறு பேரில் எத்தனை பேர் 28-க்கு இந்தப் பக்கம் என்று அட்டவணைக்குத் தெரியாது. நோட்டைத் திரும்ப எடுக்க வேண்டும். எல்லை ஐந்தின் மடங்கில் அழகாக விழ வேண்டும் என்று மேலே சொன்னேன். ஆனால் கூலியைத் தீர்மானிக்கும் எண் 28 என்றால் அழகை விட்டுவிட்டு 13, 18, 23, 28 என்று வெட்டுங்கள். 12 கிலோ எடுத்தவர் வெளியே விழாதபடி 8-இலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இத்தகைய கேள்விகளுக்குக் குவிவு நிகழ்வெண் வசதியானது. ஒவ்வொரு மேல் எல்லைக்கும் கீழே மொத்தம் எத்தனை பேர் என்று கூட்டிக்கொண்டே வருவதுதான் அது: 15-க்குக் கீழே 2, 20-க்குக் கீழே 7, 25-க்குக் கீழே 16, 30-க்குக் கீழே 22, பிறகு 25, 27, 32, 38, கடைசியில் 40. கடைசி எண் மொத்தத்தோடு பொருந்தாவிட்டால் எங்கேயோ தவறு. பாதி ஆட்கள், அதாவது இருபதாவது ஆள், 25–30-க்குள் விழுகிறார் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். நோட்டிலிருந்து நேராகக் கணக்கிட்டால் இடைநிலை அளவு 27.5. சராசரியைவிட மூன்று கிலோவுக்கு மேல் குறைவு. கத்தரிக்காரர்கள் சராசரியை மேலே இழுத்திருக்கிறார்கள்.

எல்லைக் கோட்டில் நிற்கும் எண்கள்

கிராமை என்ன செய்தார்கள் என்ற கேள்விக்குத் திரும்புவோம். 20–25 பிரிவின் நடு மதிப்பு எது? 22.5 என்று எல்லோரும் சொல்வார்கள். ஒவ்வொரு பிரிவின் நடு மதிப்பையும் ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி நாற்பதால் வகுத்தால் 31.4 வருகிறது. நிஜச் சராசரியைவிட அரை கிலோ அதிகம். ஏன்? நம் எண்கள் முழு எண்கள். அந்தப் பிரிவுக்குள் வரக்கூடியவை 20, 21, 22, 23, 24 மட்டும். அவற்றின் நடு 22. அப்படியே எல்லாப் பிரிவுக்கும் 12, 17, 22 என்று எடுத்தால் கூட்டுத்தொகை 1,235, அசல் மொத்தமேதான். இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது தற்செயல், எப்போதும் நடக்காது. ஆனால் அரை கிலோ விலகல் தற்செயல் இல்லை. கிராமை வெட்டி எழுதும் தோட்டத்தில் 24 என்பது 24.9 ஆகவும் இருந்திருக்கலாம், அங்கே 22.5 தான் சரி. ஒரு தோட்டத்தில் ஆளுக்கு அரை கிலோ, இருநூறு ஆட்கள், முந்நூறு நாள் என்று பெருக்கினால் முப்பதாயிரம் கிலோ. சின்ன விஷயம் என்று தள்ளுவதற்கு இல்லை.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். எண்களின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். நேர்மையாக அளந்த எண்களில் 0-இலும் 5-இலும் முடிபவை ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். நாற்பதுக்கு எட்டு. நம் நோட்டில் ஒன்பது, குறையொன்றுமில்லை. இருபதோ இருபத்தைந்தோ வந்திருந்தால் யாரோ தராசு முள்ளைப் பார்க்காமல் குத்துமதிப்பாக எழுதியிருக்கிறார் என்று பொருள். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது கேட்டால் நடப்பது இதுவேதான்: 30, 35, 40 என்ற வயதுகளில் கூட்டம் நெரியும், 31-இலும் 39-இலும் ஆள் குறைவாகவே இருக்கும். பிறந்த தேதி தெரியாதவர் 0-இலோ 5-இலோ முடியும் எண்ணாகச் சொல்லிவிடுவார். மக்கள்தொகை ஆய்வாளர்கள் இந்தக் குவியலை அளக்கவே தனிக் குறியீடுகள் வைத்திருக்கிறார்கள். அப்படிக் குவிந்த தரவுக்கு 25–30 என்று வெட்டினால் 25-இன் குவியல் பிரிவின் ஓரத்தில் உட்காரும். 23–28 என்று வெட்டினால் நடுவில் உட்காரும். இரண்டாவது மேல், சில நேரம்.

மழைக்குச் சம அகலம் ஒத்துவராது

இதுவரை எல்லாப் பிரிவும் ஒரே அகலம். மழைமானி நோட்டில் அது எடுபடாது. தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்கும் பகுதி இது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அடித்துப் பெய்யும், ஜனவரியில் வாரக்கணக்கில் சொட்டு விழாது. ஒரு வருட எண்களை எடுத்தால் பூச்சியங்கள் நிறைய, சிறு எண்கள் நிறைய, நடுத்தரம் கொஞ்சம், மிகப் பெரியவை ஓரிரண்டு. பத்து மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டினால் முதல் பிரிவு பெருத்துக் கிடக்கும், வால் பக்கம் காலிப் பிரிவுகள் நீண்டுகொண்டே போகும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை இதற்கு வைத்திருக்கும் பிரிவுகளை நீங்கள் தினமும் செய்தியில் கேட்கிறீர்கள், பெயர்களாக. 24 மணி நேர மழை 2.5 மி.மீ.-இலிருந்து 15.5 வரை லேசான மழை. 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை. 64.5 முதல் 115.5 வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. 204.5-உம் அதற்கு மேலும் அதி கனமழை. 2.5-க்குக் கீழே பெய்தால் அதை மழை நாள் என்றே எண்ணுவதில்லை.

இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள மூன்று விஷயங்கள் உண்டு. 115.5-இல் ஒரு பிரிவு முடிந்து 115.6-இல் அடுத்தது தொடங்குகிறது. நடுவில் எதுவும் தவறி விழாது, ஏனென்றால் அளவே பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரைதான் எழுதப்படுகிறது. இங்கே இரு எல்லைகளும் பிரிவுக்குள் அடங்கும். நம் கொழுந்து அட்டவணையில் மேல் எல்லை அடங்காது. எந்த முறையும் சரிதான், ஒரே அட்டவணையில் இரண்டையும் கலக்காதவரை.

அடுத்தது அகலம். லேசான மழை 13 மி.மீ. அகலம், மிக கனமழை ஏறத்தாழ 89. இதை வரைபடமாக்கும்போது நாட்களின் எண்ணிக்கையை அப்படியே செவ்வகத்தின் உயரமாகப் போட்டால் அகலமான பிரிவுகள் ஊதித் தெரியும். எண்ணிக்கையை அகலத்தால் வகுத்து, வருவதை உயரமாகப் போட வேண்டும். நிகழ்வுச் செவ்வகத்தில் எண்ணிக்கையைச் சொல்வது பரப்பு.

மூன்றாவது, மேல் முனை திறந்த பிரிவு. 2019 ஆகஸ்ட்டில் இதே மாவட்டத்தின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. அட்டவணையில் அது எங்கே போகும்? 21 செ.மீ. பெய்த நாளோடு ஒரே கட்டத்தில், அதி கனமழை என்ற பெயரில். எச்சரிக்கை விடுவதற்கு இந்தப் பிரிவு போதும். இரண்டு நாளிலும் ஆற்றங்கரையிலிருந்து ஆட்களை எழுப்பத்தான் வேண்டும். ஆனால் சிறு பாலத்துக்கு அடியில் எவ்வளவு பெரிய குழாய் வைப்பது என்று கணக்கிடுகிறவருக்கு இந்த அட்டவணை உதவாது. திறந்த பிரிவுக்கு நடு மதிப்பு கிடையாது, ஆகவே அட்டவணையிலிருந்து சராசரியும் எடுக்க முடியாது. திறந்த பிரிவு வைத்தே ஆக வேண்டும் என்றால் அதன் கீழே உச்ச மதிப்பையும் தேதியையும் எழுதிவிடுங்கள்.

கணினியில் போடும்போது

எக்செல், லிப்ரே ஆபீஸ் இரண்டிலும் ஃப்ரீக்வென்சி என்றொரு சார்பு உண்டு. எண்கள் ஒரு பத்தியில், மேல் எல்லைகள் அடுத்த பத்தியில் இருந்தால் நொடியில் எண்ணித் தந்துவிடும். ஆனால் அதன் விதி நம் விதிக்கு நேர் எதிர்: மேல் எல்லையைப் பிரிவுக்குள் சேர்த்துக்கொள்ளும். மேல் எல்லைகளாக 15, 20, 25 என்று கொடுத்தால் நம் நாற்பது எண்களுக்கு 2, 7, 9, 5, 2, 3, 6, 5, 1 என்று வரும். அட்டவணை 1-ஓடு ஒப்பிடுங்கள். 25 கிலோ சரியாக எடுத்த இருவரும் 25-ஐ எட்டாதவர்களோடு சேர்ந்துவிட்டார்கள். கூடுதல் கூலி இந்தக் கோட்டில் இருந்தால் அந்த இருவருக்கும் விடை சொல்ல வேண்டியவர் நீங்கள். முழு எண்களுக்கு 14, 19, 24 என்று கொடுங்கள்; கையால் போட்டதோடு ஒத்துவரும்.

பயிற்சி: உங்கள் பக்கத்திலுள்ள பள்ளியிலோ தோட்ட அலுவலகத்திலோ மழைமானி இருந்தால் சென்ற ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள 122 நாட்களின் எண்களைக் கேட்டு வாங்குங்கள். பூச்சிய நாட்களையும் 2.5 மி.மீ.-ஐ எட்டாத நாட்களையும் தனித்தனி வரிசையாக வைத்து, மேலே சொன்ன வானிலைப் பிரிவுகளில் ஓர் அட்டவணை போடுங்கள். பிறகு அதே எண்களை 20 மி.மீ. சம அகலத்தில் இன்னொன்று போடுங்கள். கொழுந்து எடுக்கப் போக முடியாத நாட்கள் எத்தனை என்று மேற்பார்வையாளரிடம் கேட்டு, எந்த அட்டவணையின் எந்தக் கோட்டில் அந்த நாட்கள் பிரிகின்றன என்று பாருங்கள். எந்த வானிலைப் பிரிவின் எல்லையிலும் அது பிரியாவிட்டால், சரியாகப் பிரியும் இடத்தில் உங்கள் தோட்டத்துக்கென்று ஓர் எல்லையை வெட்டி மூன்றாவது அட்டவணை போடுங்கள்.